மச்சான் காக்கிற கயிறு

காரமடைக்கு மேக்க, மலையடிவாரத்துல நாங்க டீக்கடை போட்டிருந்த காலம். தொண்ணூறுகளோட நடுவுல இருக்கும். கடைக்கு விறகு கொண்டாந்து போடற இருளர் பொண்ணு ஒருத்தி எனக்கு ரொம்பச் சிநேகம். அவ புருஷன் பாறைத்தேன் எடுக்கறவர். உச்சியில கயித்தைக் கட்டி, செங்குத்துப் பாறையில தொங்கிட்டே தேனடையை அறுக்கணும்.

தேனுக்குப் போறதுக்கு முன்னாடி அவங்க இருக்கற விரதம் லேசுப்பட்டதில்லீங்க. கறி, சாராயம் தொடமாட்டாங்க. புருஷனும் பொண்டாட்டியும் தனித்தனியாப் படுப்பாங்க. எல்லாத்துக்கும் மேல, உச்சியில நின்னு கயித்தைக் காக்கறது பொண்டாட்டியோட கூடப்பொறந்தவனாத்தான் இருக்கணும். தேன் எடுக்கறவரோட சொந்த அண்ணன் தம்பி ஆகாது. ஏன்னு கேட்டேன். "பங்காளிக்குள்ள ஆயிரம் பொறாமை இருக்கும்க்கா. எங்கண்ணனுக்கு என் தாலிதானே முக்கியம்?"னா.

அந்த வருசம் பாத்து மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும், அதான் அவ அண்ணனுக்கும் புருஷனுக்கும், சண்டை. மாப்பிள்ளையோட நாய் மச்சானோட ஆட்டுக்குட்டியைக் கடிச்சுப்போட்டுதுன்னு ஆரம்பிச்சது, ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் முழிக்கறதில்லை. பாறையில தேன் முத்திக் கெடக்குது. மழை வந்துட்டா போச்சு. ஊட்டுல அரிசி வாங்க அதை உட்டா வழியில்லை.

எங்கூட்டுக்காரர் மில்லுல பஞ்சுப் பேல் தூக்கின உடம்பு. அந்தப் பெருமை வேற. "ஏப்பா, நான் புடிக்கறேன். யானையே தொங்கினாலும் உடமாட்டேன்"னார்.

அவ புருஷன் சிரிச்சார். "பலத்துக்கு மரம் இருக்குதுங்க, அதுலதான் கட்டறோம். நான் செத்துப்போனா உங்கூட்டுல யாருங்க அழுவாங்க?"

எங்கூட்டுக்காரர் டீ ஆத்தப் போயிட்டார்.

கடைசியில, அரிசிப்பானை காலியாகவும், வாரது வரட்டும்னு அவ புருஷன் சொந்தத் தம்பியையே காவலுக்கு வெச்சு எறங்கறதுன்னு முடிவு பண்ணிட்டார். அவ தன்னோட அண்ணன் ஊட்டு வாசல்ல போயி நின்னு, "நாளைக்குக் காலையில எறங்கறாரு"ன்னு மட்டும் சொல்லிட்டு வந்தா. அவர் திரும்பிக்கூடப் பாக்கலையாம்.

மறுநாள் தேன் டின்னைச் சொமக்க எங்கூட்டுக்காரரும் கூடப் போனார். பொம்பளைங்க பாறைப்பக்கம் போகக்கூடாது. அவ தலைகூடச் சீவாம என் கடையில வந்து ஒக்காந்துட்டா. டீயைக் கையில குடுத்தா ஆறிப்போகுது. எனக்கே கை ஓடலை, கால் ஓடலை. ரங்கநாதா, இந்தப் புள்ளையக் காப்பாத்துன்னு வேண்டிட்டே வடை சுட்டு, ஒரு சட்டி வடையும் கருகிப்போச்சு.

மத்தியானம் எல்லாரும் எறங்கி வந்தாங்க. அவ புருஷன் முழுசா வந்தார். பின்னால ஒருத்தர், மொகம் வீங்கி, கண்ணே தெரியலை. அவ "அண்ணா"ன்னு கத்தினப்பத்தான் எனக்கே ஆள் வெளங்குச்சு.

காலையில அவரே உச்சிக்கு வந்து, தம்பியை ஒதுக்கிட்டுக் கயித்துக் காவலுக்கு நின்னுட்டாராம். கலைஞ்ச தேனீயெல்லாம் மேல வந்து அவரை மொய்ச்சிருக்குது. "கயித்து மேல வெச்ச கையை எடுக்கவே இல்லை புள்ள. மூஞ்சில ஒக்காந்ததைக்கூடத் தட்டி உடலை"ன்னு எங்கூட்டுக்காரர் சொன்னார். முதல் தேனீயைப் பாத்ததுமே தான் புதருக்குள்ள பூந்துட்டதையும் அவரே ஒத்துக்கிட்டார். எங்க சாதிசனத்துல பேச்சு நின்னுபோச்சுன்னா சாவுக்குக்கூட வரமாட்டாங்க. எனக்கு அந்த மனுசனைக் கையெடுத்துக் கும்பிடலாம்போல இருந்துச்சு.

அவ அழுதுட்டே கொட்டின எடத்துலெல்லாம் சுண்ணாம்பு தடவினா. புருஷன் நல்ல தேனடையாப் பாத்து எடுத்து நீட்டினார். மச்சான் வாங்கலை. "எனக்கும் அவனுக்கும் பேச்சில்லைன்னு சொல்லு"ன்னு தங்கச்சிகிட்டச் சொல்லிப்போட்டு நடையைக் கட்டினார்.

அதுக்கப்பறமும் அவங்க பேசிக்கவே இல்லீங்க. ஆனா வருசா வருசம் தேனுக்குப் போறப்பெல்லாம், கயித்து மேல அவர் கைதான் இருந்துச்சு.