நிலானி தோண்டுகிற விதம்

தங்கம் தேடுகிறவர்கள் உலோகம் காட்டும் கருவி கூவியதும் பாய்ந்து தோண்டுவார்கள். நிலானிக்கோ முகம் வெளிறிவிடும். ஒரு முழம் தள்ளிக் குப்புறப் படுத்து, பக்கவாட்டிலிருந்துதான் மண்ணைச் சுரண்டுவாள். வன்னியில் கண்ணிவெடி அகற்றிய கை அது. நோர்வேக்கு வந்து ட்வெய்ட்டாவில் குடியேறி இத்தனை காலமாகியும் மாறவில்லை. இவளை ஏன் கூட்டிவந்தோம் என்று கணவன் லதீசன் தன்னையே திட்டிக்கொள்வான். தங்கப் பித்து அவனுக்குத்தான். ஆனால் அவனைத் தனியே போக அவள் விட்டால்தானே!

அந்த ஞாயிறு அவன் சரக்குக் கிடங்கில் வேலை முடிந்த கையோடு நேரே காட்டுக்கு வந்திருந்தான். அவள் சுரண்டியெடுத்த குவார்ட்ஸ் கல்லில் மஞ்சள் நரம்பொன்று மின்னியது. அவன் ஓடிவந்து கல்லைத் தூக்கினான். குழிக்குள் இன்னும் ஏதும் இருக்கிறதா என்று அவள் கருவியை நகர்த்தினாள். அது அவன் காலடியில் அலறியது.

"காலை எடுக்காதேங்கோ!"

அவள் போட்ட சத்தத்தில் கல் கைநழுவி விழுந்தது.

"இது நோர்வே, நிலா. இஞ்சை ஒண்டும் இல்லை."

"எடுக்காதேங்கோ எண்டு சொல்லுறன்!"

அவள் குப்புறப் படுத்து அவன் காலோரம் சுரண்டத் தொடங்கினாள். உதடு நடுங்கியது, கை நடுங்கவில்லை. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது: விரல் நசியாமலிருக்க உள்ளே இரும்பு வைத்த வேலைச் சப்பாத்தை அவன் மாற்றவே இல்லை.

"சப்பாத்திலை இரும்பு இருக்கு. அதுதான் கத்துது."

அவளுக்குக் காதில் ஏறவில்லை. காலைத் தூக்கிக் காட்டினால் விஷயம் முடிந்தது.

ஆனால் அவனுக்கும் கால் எழவில்லை.