குஷன்காரரின் குரங்குத் தட்டு

ஊரார் காருக்கெல்லாம் மெத்து மெத்தென்று சீட்டு தைத்துக் கொடுத்த மனுஷனுக்குக் கடைசியில் உட்காரக் கிடைத்தது ஒரு மர முக்காலி. அதுவும் தங்கை வீட்டு முக்காலி. பட்டறையில் எல்லாரும் குஷன், குஷன் என்றே கூப்பிட்டுப் பழகியதில், சொந்தப் பெயரைச் சொன்னால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். மீசை முளைத்த நாளிலிருந்து குனிந்தே வேலை. ஸ்பாஞ்சை வெட்டுவது, ரெக்ஸினை இழுத்துப் பிடிப்பது, ஓரத்தில் கயிறு வைத்து மடித்துப் பைப்பிங் தைப்பது. முதுகெலும்பு ஒருநாள் போதும்டா சாமி என்று படுத்துவிட்டது. முதலாளி கெட்டவர் இல்லை. "வீட்டுல போய் ரெஸ்ட் எடு குஷன்" என்றார். எந்த வீட்டில் என்று அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

கல்யாணமா? அதெல்லாம் ஆகவில்லை. அப்பா அம்மா போனபின் தங்கையை வளர்த்து ஆளாக்கியது இவர்தான். அவளுக்கு ஜடை பின்னிவிட்டது கூட இந்தக் கைதான். பைப்பிங் தைத்த கையாச்சே, சாயங்காலம் வரை ஒரு முடி பிரியாது. நடுவில் இரண்டு இடத்தில் பெண் பேச்சு வந்தது. ஒருத்திக்கு மூக்கு சரியில்லை என்றாள் தங்கை. இன்னொருத்திக்கு வாய் சரியில்லை என்றாள். தனக்குக் கல்யாணம் முடிந்த பிறகு எவள் மூக்கைப் பற்றியும் அவள் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் அண்ணனுக்குத் தலை நரைத்துவிட்டது.

அந்தத் தங்கை வீட்டு வாசலில்தான் ஒரு பையோடு வந்து நின்றார். "கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேம்மா" என்றார். போக வேறு இடம் இல்லை என்பது அவருக்கும் தெரியும், தங்கைக்கும் தெரியும், அவள் புருஷனுக்கும் தெரியும்.

தங்கை புருஷன் பார்சல் ஆபீஸில் மேனேஜர். அங்கே மூட்டை தூக்குகிறவர்களை விரட்டி விரட்டி, வீட்டிலும் அதே குரல்தான். அப்போதுதான் வீடு முழுக்க வெள்ளை டைல்ஸ் போட்டிருந்தார். அடேயப்பா, அந்தத் தரைக்கு நடந்த உபசாரம்! விருந்தாளி வந்தால் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்ப்பார். குஷன் வந்த அன்று சாயங்காலம் பையிலிருந்து புகையிலைப் பொட்டலத்தையும் தாளையும் எடுத்துச் சுருட்ட உட்கார்ந்ததுதான் தாமதம், மேனேஜர் வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

"மச்சான், பிடிங்க, வேணாங்கல. பின்னாடி ரூம்ல ஜன்னலைத் திறந்து வச்சுப் பிடிங்க. ஆனா ஒரு தூள், ஒரே ஒரு தூள் என் டைல்ஸ்ல கெடந்துச்சு, அன்னைக்கே பையைத் தூக்கிட்டுக் கிளம்பிடணும். நான் சொன்னா சொன்னதுதான்."

"சரி மாப்பிள்ளை" என்றார் குஷன். தங்கை பக்கத்தில் நின்று சிரித்தாள்.

பெட்டியில் விற்கிற சிகரெட்டுக்கு மாறித் தொலைய வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். தைக்க ஒன்றும் இல்லாமல் போன கைக்கு அந்த ஒரு வேலைதான் மிச்சம். அதையும் பிடுங்கிக்கொண்டால் மனுஷன் கையை என்ன செய்வார், மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பாரா? அதனால் மறுநாள் காலையில், சுருட்டும்போது தூள் சிந்தாமல் மடியில் வைத்துக்கொள்ள ஒரு தட்டு வாங்கக் கிளம்பினார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் லைட்டர், பைப், தாள் எல்லாம் விற்கிற கடை. தட்டு என்றதும் கடைக்காரர் முதலில் பிளாஸ்டிக்கை எடுத்து நீட்டினார். குஷன் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பிளாஸ்டிக்கில் தூள் ஒட்டிக்கொள்ளும், தட்டினால் ஒரு பாதிதான் விழும், மீதி எங்கே எப்போது விழும் என்று சொல்ல முடியாது. அடுத்து மெல்லிசான தகரத் தட்டு. மடியில் வைத்ததும் ஆடியது. கறுப்புத் தட்டு பளபளவென்று இருந்தது, ஆனால் கறுப்பில் தூள் கண்ணுக்குத் தெரியாது. தெரியாத தூள்தான் ஆளைக் கவிழ்க்கும். ஒன்றில் விளிம்பு நேராக நின்றது. இவருக்கு வேண்டியது உள்பக்கம் வளைந்த விளிம்பு. ஒவ்வொரு தட்டின் ஓரத்தையும் கட்டைவிரலால் தையலைப் பார்க்கிற மாதிரி தடவிக்கொண்டே போனார். பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை போட்டுச் சாய்த்துப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார்.

"பெரியவரே, தட்டு வாங்க வந்தீங்களா, பொண்ணு பார்க்க வந்தீங்களா?" என்றார் கடைக்காரர்.

"பொண்ணு சரியில்லன்னா சகிச்சுக்கலாம் தம்பி. இது சரியில்லன்னா நான் தெருவுல நிக்கணும்."

கடைசியில் ஒன்று அகப்பட்டது. கனமான இரும்புத் தட்டு, வெளிர் மஞ்சள், வளைந்த விளிம்பு, நாலு மூலையும் கரண்டி மாதிரி உருண்டை. சாய்த்தால் தூள் எல்லாம் சமத்தாக ஒரு மூலையில் போய்க் கூடியது. ஒரே ஒரு கோளாறு. நடுவில் ஒரு குரங்கு வாயில் சுருட்டை வைத்துக்கொண்டு பல்லை இளித்தது. அதே தட்டு வேறு படத்தில் இல்லை. குரங்கு நம்மை என்ன செய்யப் போகிறது என்று வாங்கிக்கொண்டு வந்தார்.

"அட, மச்சான்! உங்க போட்டோவையே ஃபிரேம் போட்டு வாங்கிட்டீங்களா?" என்றார் மேனேஜர். தங்கைக்குச் சிரிப்பு அடங்கவில்லை, கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "எங்கண்ணனையும் அந்தத் தட்டையும் ஒண்ணா பாருங்களேன்" என்று காட்டினாள். குஷனும் சிரித்தார். அந்த வீட்டில் சாப்பாட்டுக்கு அவர் கொடுத்த விலை அந்தச் சிரிப்புதான்.

ஆனால் தட்டு அவரைக் கைவிடவில்லை. முக்காலியில் உட்கார்ந்து மடியில் தட்டை வைப்பார். தாளைப் பசைப்பக்கம் மேலே வரும்படி பிடித்து, புகையிலையை உதிர்த்துப் பரப்பி, இரண்டு கட்டைவிரலும் முன்னும் பின்னும் போய்வர உருட்டி, நாக்கு நுனியால் ஒரு தடவல். அவ்வளவுதான், எந்திரத்தில் செய்த மாதிரி இருக்கும். பட்டறையிலிருந்து கொண்டு வந்த ரெக்ஸின் துண்டால் தட்டைக் கூட்டி, மூலையில் சேர்ந்த தூளை மறுபடியும் பொட்டலத்துக்குள் தள்ளிவிடுவார். புகையிலை காய்ந்தால் பறக்கும் என்று பொட்டலத்துக்குள் எப்போதும் ஒரு உருளைக்கிழங்குத் தோல் போட்டு வைத்திருப்பார். அதனால் இவர் புகையிலை ஈரப்பதமாக, சொன்ன இடத்தில் கிடக்கும். சாம்பலும் அந்தத் தட்டிலேயே இன்னொரு மூலையில்தான். பிறகு குனிய முடியாத முதுகோடு மண்டிபோட்டுத் தரையில் கன்னத்தை ஒட்டிப் பார்ப்பார். ஒவ்வொரு தடவையும் பார்ப்பார். வருஷங்கள் போயின, குரங்கின் உடம்பெல்லாம் தேய்ந்து பல் மட்டும் மிஞ்சியது, டைல்ஸில் ஒரு தூள் விழவில்லை.

மேனேஜருக்கு நெஞ்சுவலி வந்து, டாக்டர் சிகரெட்டைத் தொடக்கூடாது என்று சொன்ன பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. ஞாயிற்றுக்கிழமை தங்கை மார்க்கெட்டுக்குப் போனதும் பின்கட்டு ரூம் கதவு மெல்லத் திறக்கும். "மச்சான், ஒண்ணே ஒண்ணு." குஷன் சுருட்டிக் கொடுப்பார். மேனேஜர் ஜன்னலில் தலையை நீட்டி ஊதுவார். சாம்பல் விழாமல் குஷன் தட்டை அவர் தாடைக்குக் கீழே ஏந்திக்கொண்டு நிற்பார். "உங்க கை மாதிரி வராது மச்சான்" என்பார் மேனேஜர். குஷனின் முதுகுக்கு அன்று முழுக்க வலியே தெரியாது.

இப்படியே காலம் ஓடியிருக்கும். மேனேஜரின் மகளுக்குக் கல்யாணம் ஆகி, அவளும் புருஷனும் இங்கேயே வந்து இருப்பதாகப் பேச்சு வந்தது. அவர்களுக்கு ரூம் வேண்டும். வீட்டில் சும்மா கிடப்பது பின்கட்டு ரூம் ஒன்றுதான். சும்மா என்றால், இவர் ஒருவர் இருப்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாவிட்டால். யாரும் இவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கூடத்து மூலையில் படுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருப்பார். சொல்லிவிடுவாரே என்றுதான் கேட்கவில்லையோ என்னவோ!

தன்னை வளர்த்த அண்ணனைப் போ என்று தங்கை வாயால் எப்படிச் சொல்வாள்? நாலு பேர் நாலு விதமாகப் பேசமாட்டார்களா? அவராகப் போனால் நல்லது. அவர் தப்பில் அவர் போனால் இன்னும் நல்லது.

அந்த வாரம் குஷன் முதுகுக்கு எக்ஸ்ரே எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனார். விடியற்காலையில் கிளம்பினார், பொட்டலம் சட்டைப் பையில்தான் இருந்தது. வரிசையில் நின்று, படம் எடுத்து, திரும்பி வரச் சாயங்காலம் ஆகிவிட்டது. அதே நேரத்துக்கு மேனேஜரும் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். தங்கை கூடத்தின் நடுவில் நின்றாள்.

"வாங்க. வந்து பாருங்க உங்க மச்சான் செஞ்ச காரியத்தை."

நடு வீட்டில், வெள்ளை டைல்ஸில், ஒரு சிட்டிகைப் புகையிலை.

பழக்க தோஷம், குஷன் உடனே மண்டிபோட்டுவிட்டார். ஒரு தூளை எடுத்து விரலில் நசுக்கினார். மொறமொறவென்று மாவாக உதிர்ந்தது. காய்ந்து பல நாள் ஆன புகையிலை. மூக்கருகே கொண்டுபோனார். காபி வாசனை அடித்தது. போன வாரம் பொட்டலத்தின் மடிப்பு கலைந்திருந்ததும், நமக்கு வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டதும் அப்போது ஞாபகம் வந்தது. அப்படியானால் அன்றே எடுத்து, சமையல்கட்டில் காபி டப்பாவில் போட்டு, சமயம் பார்த்துக் காத்திருந்திருக்கிறாள். கோபத்தில் செய்தது இல்லை. யோசித்துச் செய்தது.

தலை நிமிர்ந்து தங்கையைப் பார்த்தார். அவள் வலது கையைப் புடவைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.

மேனேஜர் முகம் சுருங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைச் சிகரெட் போய்விடுமே! "காத்துல கீத்துல பறந்து வந்திருக்கும், விடு" என்றார்.

"காத்துல பறந்து வர்றதுக்கு இது என்ன பட்டமா? ஒரு தூள் விழுந்தா கிளம்பணும்னு சொன்னது யாரு? நானா சொன்னேன்? ஆபீஸ்ல அத்தனை பேரை ஆட்டி வைக்கிறீங்க, வீட்டுல சொன்ன சொல்லுக்கு மதிப்பில்லையா?"

ஆனாலும் மேனேஜர் கடைசியாக ஒரு கயிறு போட்டுப் பார்த்தார். "மச்சான், நீங்க காலையிலேயே ஆஸ்பத்திரி போயிட்டீங்கதானே? இது உங்களோடதா? இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க, விஷயம் முடிஞ்சுது."

இல்லை என்ற ஒரு வார்த்தை போதும். குஷன் வாயைத் திறந்தார். இல்லை என்றால், பின்னே யாருடையது? மேனேஜர் பெண்டாட்டி பக்கம் திரும்புவார். அவள் வேறு வழியில்லாமல் வாய்விட்டுச் சொல்வாள்: ஆமா, நான்தான் போட்டேன், எங்கண்ணன் எனக்கு வேணாம். தெருவில் நிற்பதற்குக் குஷன் பயப்படவில்லை. அந்த வார்த்தையை அவள் குரலில் கேட்கத்தான் பயந்தார். கேட்டுவிட்டால் ஜடை பின்னிய காலம் வரைக்கும் எல்லாம் பொய்யாகிவிடும்.

"என்னோடதுதான் மாப்பிள்ளை. ராத்திரி பார்க்காம விட்டுட்டேன்."

தங்கை மூச்சு விட்டாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி விட்டாள்.

பை கட்டுவதற்கு என்ன பெரிய நேரம். இரண்டு சட்டை, எக்ஸ்ரே கவர், அவ்வளவுதான். பட்டறை முதலாளிக்குப் போன் போட்டார். ஸ்பாஞ்சு கிடங்கில் ஒரு மூலையில் படுத்துக்கொள்ளலாம் என்றார் அவர். "ஆனா குஷன், உள்ள ஒரு தீக்குச்சி கூடாது. பத்திக்கிச்சுன்னா தெருவே போயிடும்" என்றார். இவருக்குத் தெரியாதா? பொட்டலத்தைக் குப்பையில் போட்டார். தட்டை ரெக்ஸின் துண்டால் ஒருமுறை துடைத்து முக்காலிமேல் வைத்தார். இனி அது எதற்கு?

மேனேஜர் குளிக்கப் போனவர் குளியலறையை விட்டு வெளியே வரவில்லை. குஷன் கேட்டைத் திறந்து தெருவில் நாலு எட்டு வைத்திருப்பார்.

"அண்ணே!"

திரும்பிய வேகத்தில் முதுகு சுளீரென்றது. தங்கை ஓடி வந்துகொண்டிருந்தாள். செருப்புக் கூடப் போடவில்லை. அந்த ஒரு நொடியில் மனுஷனுக்கு எல்லாம் மறந்துபோனது. பையைக் கீழே வைக்கவே போனார்.

அவள் தட்டை இரண்டு விரலால் பிடித்து நீட்டினாள். "இதை மறந்து வச்சுட்டியே. வீட்டுல கெடந்தா நாத்தம் போகாது. நாளைக்குப் பொண்ணும் மாப்பிள்ளையும் வேற வர்றாங்க."

குஷன் வாங்கிக்கொண்டார். அவள் நகக்கண்ணில் புகையிலைத் தூள் இன்னும் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறபோது சொல்வாரே, அதே குரலில் சொன்னார்.

"கையை நல்லா சோப்பு போட்டுக் கழுவிடும்மா. அந்தக் காபி டப்பாவையும்."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. குஷன் தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். தெருமுனை திரும்பும்போது பின்னால் வாசல் குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது.