உபவாச நாளில் உப்புப் பார்த்தவள்

காலை ஐந்து நாற்பது. விழித்ததும் முதலில் கண்ணில் பட்டது, முந்தின இரவு நான் மூடி வைத்த தட்டு. திறந்து பார்த்தேன். சாதம் விறைத்துக் கிடந்தது. கை பட்ட அடையாளம் இல்லை. பக்கத்தில் என் மனைவி வசந்தா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். விழித்துத்தான் இருந்தாள்.

அது பிப்ரவரி மாதத்து வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தின மழைக்காலத்தில் எங்கள் ஒரே மகள் ஜெனிட்டா காய்ச்சலில் இறந்தாள். இரண்டாம் வகுப்பு. எங்கள் மலை ஊரிலிருந்து ஆலங்காயம் இறங்கி, அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் ஸ்டார் கட்டவில்லை. வசந்தாவின் சாப்பாடு குறைந்துகொண்டே வந்து, கடைசியில் வரக்காப்பியில் நின்றது. டாக்டர் கொடுத்த மாத்திரை வெறும் வயிற்றில் தங்கவில்லை. வளையல் முழங்கை வரை ஏறியது. இன்னொரு சாவுக்கு நான் மனதைத் தயார் செய்துகொண்டிருந்தேன்.

வெள்ளிதோறும் நானும் உபவாசம் இருந்தேன். ஜெபம் வரவில்லை. "நான் வேண்டுமென்றே சாப்பிடாமல் இருக்கிறேன். அவளால் முடியவில்லை. இரண்டில் எது உமக்குக் கேட்கிறது?" என்று ஒருநாள் கர்த்தரிடம் கேட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை பாஸ்டர் சபையாரை எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்தார். மூன்று மணி வரை உபவாச ஜெபம். அது முடிந்ததும் வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் கஞ்சி கொடுப்பது எங்கள் சபை வழக்கம். நான் அதை அடியோடு மறந்துவிட்டேன். அடுப்பே பற்றவைக்கவில்லை.

கவனித்தவர் சலோமி அக்கா. பாஸ்டரையும் அதட்டக்கூடியவர் சபையில் அவர் ஒருவர்தான்.

"இன்னா பாஸ்டர் இது? சாப்புட மாட்டேன்னு படுத்துனு இருக்கிறவ வூட்ல வந்து, நாமளும் சாப்புடாம குந்தினு இருக்கோம்."

பாஸ்டர் பைபிளை மூடினார். அக்கா என் பக்கம் திரும்பினார். "சாமை எங்க தம்பி? நானே காச்சுறேன்."

பாயிலிருந்து குரல் வந்தது. "உனுக்கு கல்லு அரிக்கத் தெரியாதுக்கா. போன வாட்டி எல்லாரும் பல்லப் புடிச்சினு போனாங்க."

"அப்போ நீ எழுந்து வாம்மே. படுத்துனே பேசாத."

வசந்தா எழுந்தாள். சுவரைப் பிடித்து நடந்தாள். உட்கார்ந்தபடியே சாமையை அரித்துக் கொடுத்தாள். கஞ்சி கொதித்ததும் அக்கா உப்புப் போட்டுவிட்டுக் கரண்டியை அவளிடம் நீட்டினார்.

"நீயே பாருக்கா."

"ஜெபம் இன்னும் முடியல. நாங்க அத்தினி பேரும் உபவாசம். இங்க உப்பு பாக்கறதுக்கு உன்ன வுட்டா ஆளு ஏது?"

வசந்தா கரண்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினாள்.

"பத்தல."

உப்புப் போட்டு மறுபடியும் நக்கினாள். ஜெபம் முடிந்து எல்லோரும் குடித்தபோது அவளும் அரை டம்ளர் குடித்தாள். வாந்தி எடுக்கவில்லை.

பிறகு வெள்ளிதோறும் சபைக் கஞ்சி எங்கள் வீட்டில்தான். உப்புப் பார்ப்பது அவள் வேலை. மெல்ல மாத்திரையும் வயிற்றில் தங்கியது. ஈஸ்டர் அன்று சபையில் குஸ்காவும் கறிக்குழம்பும் போட்டார்கள். வசந்தா பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் முறை குழம்பு கேட்டாள். நான் பாதியில் எழுந்து வெளியே போய் அழுதேன்.

கர்த்தர் என் மகளைத் திருப்பித் தரவில்லை. மனைவியைத் தந்தார். அதற்கு நன்றி சொல்லவே இதை எழுதுகிறேன். இப்போதெல்லாம் உபவாச நாளில், துக்கத்தில் அடுப்பு அணைந்த வீடு எது என்று விசாரித்து அங்கே போய் உட்காருகிறேன். அன்பானவர்களே, ஜெபிக்க வார்த்தை வராவிட்டாலும் அவரை நம்பிக் கதவைத் திறந்து வையுங்கள். வருகிறவர்களை உள்ளே விடுங்கள்.

ஜெனிட்டா இறந்தது ஒரு சனிக்கிழமை. சனிக்கிழமைகளில் வசந்தா இன்னும் சாப்பிடுவதில்லை.