இரண்டு கரண்டி மாவு

சித்தி மும்பை செம்பூரில் இட்லிக் கடை திறந்த மறு வாரமே ஷ்ராவண மாதம் பிறந்தது. தாராவியில் எங்கள் சந்து முழுக்கத் திருநெல்வேலிக்காரர்கள். அந்த மாதத்துத் திங்கட்கிழமைகளில் மராத்திக்காரர்கள் விரதமிருந்து அரிசியும் உளுந்தும் தொடமாட்டார்கள் என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை. முதல் திங்களன்று அவித்த இட்லியை மூன்று வேளையும் நாங்களே தின்றோம். மாதம் இப்படியே போனால் கடையைக் காலி செய்துவிடலாம் என்றார் சித்தப்பா.

சித்தி அசரவில்லை. விரதத்துக்கு அவர்கள் குதிரைவாலி சாப்பிடுவார்கள் என்று கடைக்குப் பக்கத்து வீட்டில் கேட்டு வந்து, அதோடு ஜவ்வரிசியும் தயிரும் சேர்த்து மாவு கரைத்தாள். தொட்டுக்கொள்ள வேர்க்கடலைச் சட்னி. நான்காம் வகுப்பு படித்த நான், எனக்குத் தெரிந்த மராத்தியில் 'விரத இட்லி' என்று பலகை எழுதி மாட்டினேன்.

உளுந்து இல்லாத இட்லி கல்லாகிவிடுமே என்று எனக்கு ஒரே கவலை. ஞாயிறு மாலை யாரும் பார்க்காதபோது வழக்கமான மாவில் இரண்டு கரண்டி எடுத்து விரத மாவில் ஊற்றினேன்.

காலையில் இட்லி பூப்போல வந்தது. வாசலில் ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். பெருமை தாங்காமல் என் கைவண்ணத்தைச் சொல்லிவிட்டேன்.

"ரெண்டு கரண்டிதான? யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் சித்தப்பா.

"நம்மள நம்பி வந்தவ விரதத்த நாமளே கெடுக்கவா? நல்லாருக்குங்க நீங்க சொல்றது!" சித்தி என் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, நீயே போய் மராத்தில சொல்லு. மாவுல உளுந்து கலந்துட்டு, இன்னைக்கு இட்லி கெடயாதுன்னு."

அழுதுகொண்டே சொன்னேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். சித்தி மாவு முழுவதையும் சாக்கடையில் கொட்டினாள். சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அடுத்த திங்கள் வரிசை பால் பூத் வரை நின்றது. போன வாரம் வெறுங்கையோடு போனவர்கள் மாமியார், நாத்தனாரையெல்லாம் கூட்டி வந்திருந்தார்கள். இட்லி கொஞ்சம் கெட்டிதான்; ஒருத்தரும் குறை சொல்லவில்லை. ஒன்பது மணிக்குப் பாத்திரம் காலி. சித்தப்பா ஈரத்துண்டைத் தலைக்கு மேல் சுழற்றி நடுத்தெருவில் ஆடினார். அந்தக் கடை இன்றும் இருக்கிறது. பக்கத்துக் கடையையும் சேர்த்துக்கொண்டுவிட்டது.

அன்று எனக்கும் தலைகால் புரியவில்லை. அத்தனை கூட்டமும் என் பலகையின் கையெழுத்தைப் பார்த்துத்தான் வந்தது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். சாக்கடையில் போன மாவை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.