சேதி சொல்லாத கை

திண்டிவனம் பேருந்து நிலையத்தை ஒட்டிய சுப்பராயலுவின் சாப்பாட்டுக் கடையில் செண்பகம் அடுப்படி வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் கையை யாரும் கவனிக்கவில்லை. கொதிக்கும் சோற்றுக் குண்டானைத் துணி இல்லாமல் இறக்கி வைக்கத் தொடங்கிய பிறகுதான் பேச்சு வந்தது.

“இன்னா செண்பகம், அது கையா இடுக்கியா?” என்பார் சுப்பராயலு. “உன்ன வச்சிக்கினு இருந்தா எனக்குக் கரித்துணிச் செலவே இல்ல.”

“ஆத்தா குடுத்த கைங்க.”

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முந்தைய ஆடியில் தெரு மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்தபோது மற்றப் பெண்கள் உள்ளங்கையில் வேப்பிலையைத் தடிமனாக அடுக்கிக்கொண்டார்கள். செண்பகத்தின் இலைகள் பாதி வழியிலேயே சரிந்து விழுந்தன. வெறுங்கையோடு கோயில் வரை நடந்தாள். சுடவே இல்லை. பார்த்தவர்கள் காலில் விழுந்தார்கள். கட்டட வேலையில் சாரம் சரிந்து புருஷன் செத்த பிறகு, எதிரே வந்தால் ஒதுங்கிப் போன சனம் அது. மறுநாள் உள்ளங்கையில் எழும்பிய கொப்புளத்தை அவள் யாருக்கும் காட்டவில்லை. மஞ்சளை அரைத்து அப்பி மறைத்துக்கொண்டாள்.

மகள் கிருஷ்ணவேணிக்கு நாலு வயது. காக்கா வந்தால் காக்காவோடு பேசும். யாரும் இல்லாவிட்டால் தன் செருப்போடு பேசும். 1987 மார்கழியில் ஒரு காலை, அந்தப் பேச்சு கேட்கவில்லை. செண்பகம் பிள்ளையின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். கழுத்தில் வைத்துப் பார்த்தாள்.

“காய்ச்சல் இல்லக்கா. பனிக்குச் சுருண்டுக்கினு கீது,” என்று பக்கத்து வீட்டுச் சின்னபொண்ணுவிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். இரவிலும் தொட்டுப் பார்த்தாள். கை ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மதியம் சின்னபொண்ணு கடைக்கே ஓடிவந்தாள்.

“கொயந்த நெருப்பா கொதிக்குதுடி. கண்ணு மேல சொருவிக்கிச்சு. நீ இன்னாத்தடி தொட்டுப் பாத்த?”

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூளைக்காய்ச்சல். பல நாள் கழித்துப் பிள்ளை கண் திறந்தது. “வேணி,” என்றாள் செண்பகம். பிள்ளை மேலே சுற்றும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தது. இன்னும் பலமாகக் கூப்பிட்டாள். அடுத்த கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பினார்கள். பிள்ளை திரும்பவில்லை. காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு கெட்டுவிட்டது என்றார்கள்.

அந்த வார்டில்தான் ஒரு நர்ஸ், செண்பகத்தின் விரலில் சீழ் வைத்திருந்த சூட்டுப் புண்ணைப் பார்த்தாள். எப்போது சுட்டது என்று கேட்டதற்கு அவளுக்குப் பதில் தெரியவில்லை. தோல் டாக்டரிடம் அனுப்பினார்கள்.

டாக்டரம்மா அவளைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பஞ்சால் தொட்டுக்கொண்டே வந்தார். “தொடுறது தெரிஞ்சா சொல்லும்மா.” விரல், உள்ளங்கை, மணிக்கட்டு. செண்பகம் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துக் காத்திருந்தாள். முழங்கைக்கு மேலே போன பிறகுதான், “இங்க,” என்றாள். முழங்கையின் உள்பக்கம் டாக்டரம்மா அழுத்திக் காட்டிய இடத்தில் கயிறு போல ஏதோ தடித்து உருண்டது.

“இதான் நரம்பு. கெட்டுப்போயிருக்கு.”

செண்பகம் புறங்கையைத் திருப்பி, பச்சையாகப் புடைத்திருந்ததைக் காட்டினாள். “நரம்பு நல்லாத்தானேங்க கீது?”

“அது ரத்தம் ஓடுற குழாய். ரெண்டையும் நரம்புன்னே சொல்லிப் பழகிட்டோம். நான் சொல்றது உள்ள இருக்குது. விரல் நுனியில சுட்டா, அந்தச் சேதி இது வழியா முதுகுத்தண்டுக்குப் போகும், அங்கிருந்து மூளைக்குப் போகும். முதுகுத்தண்டுலேருந்தே கைய எடுன்னு உத்தரவு திரும்பி வரும். உனக்குச் சேதியே போகல. இது தொழுநோய்ம்மா. ரெண்டு மூணு வருஷமா உள்ள இருந்திருக்கு. மாத்திரை தரேன், நோய் போயிடும்.”

“நரம்பு?”

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார்.

“எனக்குத் திருவக்கரைங்க,” என்றாள் செண்பகம். “அங்க மரம் கல்லாக் கெடக்கும். பட்டை, வரி எல்லாம் அப்படியே கீது. தொட்டாத்தான் கல்லு. அந்த மாதிரிங்களா?”

“அந்த மாதிரிதான்.”

செண்பகம் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். “அப்ப, ஆத்தா குடுத்தது இல்லீங்களா?”

டாக்டரம்மாவுக்கு அது புரியவில்லை.

நோயைச் சொன்னபோது சுப்பராயலு கோபப்படவில்லை. “வெளிய தெரிஞ்சா கடையில ஒருத்தன் கை நனைக்க மாட்டாம்மா,” என்று தரையைப் பார்த்துச் சொன்னார். செண்பகம் நிலக்கடலைக் கொல்லைகளில் களை எடுக்கப் போனாள். களைக்கொத்து கையில் கீறினால் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

வீட்டில் கூப்பிட்டால் பிள்ளைக்குக் கேட்காது. காது கேட்ட காலத்தில் கற்ற சொற்களும் ஒவ்வொன்றாகப் பிள்ளையின் வாயிலிருந்து போய்க்கொண்டிருந்தன. பசித்தால் ஓடிவந்து அம்மாவின் விரலைப் பிடித்து இழுக்கும். அடுப்பை ஊதிக்கொண்டிருப்பவளுக்குத் தெரியாது. இழுத்து இழுத்துப் பார்த்து, கையை உதறிவிட்டு மூலையில் போய் உட்கார்ந்து அழும். அழுகிற சத்தம் கேட்டுத்தான் செண்பகம் திரும்புவாள்.

ஒருநாள் அழுகை கேட்கவில்லை. முழங்கைக்கு மேலே ஏதோ சில்லென்று பட்டது. திரும்பினாள். பிள்ளை நின்றுகொண்டிருந்தது. தண்ணீரில் விளையாடிய ஈரக் கை மணிக்கட்டிலிருந்து மேலேறி வந்திருந்தது. வழியெல்லாம் ஈரத் தடம். டாக்டரம்மா பஞ்சால் கண்ட எல்லையைப் பிள்ளை தானாகவே கண்டுபிடித்திருந்தது.

அதற்குப் பிறகு அது விரலைத் தொடவே இல்லை. நேராக மேல்கையைத்தான் தொடும். அங்கே பிள்ளையின் கை சூடாக இருக்கிறதா என்று செண்பகம் ஒவ்வொரு முறையும் கவனிப்பாள். பிறகு, “இன்னாடி வேணி?” என்று வாய்விட்டுக் கேட்பாள்.