ஸ்பீக்கரில் ஒட்டியிருந்த பட்டன் பேட்டரி

சில மாதங்களுக்கு முன் ஒரு மதியம், கோவில்பட்டியில் எங்கள் மாடியறைப் பாயில் நாமே பூட்டிச் செய்யும் கடிகார ரேடியோ கிட்டின் பாகங்களைக் கொட்டிப் பரப்பி உட்கார்ந்திருந்தேன். கரிசல் காட்டுக் காற்றில் ஈயம் பற்றவைக்கும் புகை மெல்லச் சுருண்டது. முதலில் எந்த ஊர்ப் பாட்டு கேட்குமோ என்ற கனவில் கை தானாக வேலை செய்தது. ஒரு வயது மகள் தவழ்ந்து வந்ததை நான் கவனிக்கவில்லை.

"ஏட்டி, பிள்ளை என்னத்தையோ மெல்லுதா பாரு!" என்று கணவர் கத்தினார்.

மகளின் வாயில் விரலை விட்டேன். பொரிகடலைத் துணுக்குதான் வந்தது. ஆனால் பாயில் வைத்திருந்த, கடிகாரத்துக்கான பட்டன் பேட்டரியைக் காணவில்லை.

"முழுங்கிட்டாளோ!" என்று அழுதேன்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். எக்ஸ்ரே பார்த்த டாக்டரம்மா, "தொண்டையிலயும் வயித்துலயும் ஒண்ணுமில்லம்மா" என்றதும்தான் எனக்கு மூச்சே வந்தது.

வீடு திரும்பி, பாயில் கிடந்த ரேடியோ ஸ்பீக்கரைத் தூக்கினேன். அதன் காந்தத்தில் பேட்டரி ஒட்டிக்கொண்டிருந்தது. 

இப்போதெல்லாம் உதிரி பாகங்களை மூடியுள்ள டப்பாக்களில் பிரித்துப் போட்டு, எண்ணி, மேஜைமேல்தான் வைக்கிறேன். கதவைத் தாழிட்ட பிறகே பேட்டரி உறையைப் பிரிக்கிறேன்.