எனக்குப் போட வேண்டிய ஊசி

எனக்கு வந்த மேகநோயைப் பற்றிப் புத்தகம் புத்தகமாகப் படித்துவிட்டு, குற்றால அருவியில் குளித்தே அதைப் போக்கிவிடலாம் என்று நம்பிய மேதை நான்.

கர்ப்பிணியான என் மனைவியின் இரத்தத்தைச் சோதித்த தென்காசி டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, "சிபிலிஸ்தான். ரெண்டு பேரும் பென்சிலின் போட்டுக்கணும். நீங்க போடலைன்னா அவங்களுக்குத் திரும்பவும் ஒட்டும். பிள்ளை தங்காது" என்றார்.

மனைவி போட்டுக்கொண்டாள். பிள்ளைத்தாய்ச்சிகள் வரிசையில் ஓர் ஆண்பிள்ளை நிற்பதா என்று எனக்கு ரோஷம். சாரல் காலம் ஓயும்வரை அருவியின் மூலிகைத் தண்ணீருக்குத் தலையைக் கொடுத்தேன்.

ஐப்பசியில் பிள்ளை இறந்தே பிறந்தது. துணியில் சுற்றிக் கையில் தந்தார்கள். கனமே இல்லை.

மறுநாள் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தேன்.

"வலிச்சுதா?" என்றாள், படுத்திருந்த மனைவி.

"இல்லை."

"இதுக்கா இம்புட்டு பயந்தீய?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.